ஆர்லாண்டோவில் புயல் வரும் வாரம்: அப்பா அம்மாவுடன் ரிசார்ட்டில் தங்கலாமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். மதுரையிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருக்கிறார்கள். இன்னும் நான்கு நாளில் நியூ ஜெர்சியிலிருந்து விமானம் பிடித்து ஆர்லாண்டோ போய், டிஸ்னி வேர்ல்டு ரிசார்ட்டில் ஐந்து நாள் தங்குவதாகத் திட்டம். மெக்சிகோ வளைகுடாவில் ஒரு புயல் உருவாகி, ஃபிளாரிடா பக்கம் திரும்பும் என்கிறார்கள். ரிசார்ட்டுக்கு போன் போட்டால் "நாங்கள் திறந்துதான் இருப்போம்" என்று பதில் வருகிறது. அப்பாவுக்குச் சர்க்கரை, இன்சுலின் போட்டுக்கொள்கிறார். ஹோட்டலுக்குள்ளேயே இருந்துவிட்டால் பாதுகாப்புதானே என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கட்டடம் தாங்குமா என்பது ஒன்று. எழுபதை நெருங்கும் இருவரை அந்த நாட்களுக்குள் கொண்டுபோய் வைக்க வேண்டுமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குத் துணிந்து பதில் சொல்லலாம். இரண்டாவதற்கான பதில், இன்று நீங்கள் எந்த ஊரில் இருந்துகொண்டு கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

நான் மத்திய ஃபிளாரிடாவில் ஹோட்டல் பராமரிப்புப் பிரிவில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். புயல் நெருங்கும்போது ஊழியர்களில் பெரும்பாலோரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஜெனரேட்டர், பம்ப், சமையலறை, முன்மேசை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள ஒரு சிறு குழுவை ஹோட்டலிலேயே தங்க வைப்பார்கள். 'ரைட் அவுட்' குழு என்பார்கள். அந்தக் குழுவில் இருந்து பார்த்ததையும், கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) நடத்தும் பேரிடர்த் தன்னார்வலர் பயிற்சியில் படித்ததையும் வைத்துத்தான் எழுதுகிறேன். வானிலை கணிப்பது என் வேலை இல்லை, மருத்துவமும் என் துறை இல்லை. அந்த இடங்கள் வரும்போது யாரைக் கேட்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

முதலில் உறுதியான விஷயங்கள். அமெரிக்காவில் 1963 முதல் 2012 வரை புயல்கள் நேரடியாகக் கொன்றவர்களில் பத்தில் ஒன்பது பேர் தண்ணீரால் இறந்தவர்கள். மொத்தத்தில் ஏறக்குறைய பாதிப் பேர், கடல் பொங்கி ஊருக்குள் ஏறியதால். கடற்கரையில் இருப்பவர்களை வெளியேறச் சொல்வது முதன்மையாக இந்தக் கடல் ஏற்றத்துக்குப் பயந்துதான், காற்றுக்காக அல்ல. ஆர்லாண்டோ கடலிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஊர். கிழக்கே அட்லாண்டிக் கரைக்குப் போக முக்கால் மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட்ட வேண்டும், மேற்கே வளைகுடா இன்னும் தூரம். கடல் அங்கே வராது. அதனால்தான் புயல் வரும்போது கடலோர ஊர்களான டாம்பாவிலிருந்தும் கோகோ பீச்சிலிருந்தும் குடும்பம் குடும்பமாக மக்கள் நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு ஆர்லாண்டோ ஹோட்டல்களுக்கு வந்து அறை கேட்கிறார்கள். நீங்கள் எந்த இடத்துக்குப் போகப் பயப்படுகிறீர்களோ, அது பலருக்குத் தஞ்சம் புகும் இடம்.

டிஸ்னி வேர்ல்டு 1971-இல் திறந்தது. புயலுக்காக முழு நாள் மூடியது முதன்முதலில் 1999-இல், ஃபிளாய்டு வந்தபோதுதான். அப்புறம் முழு நாளோ பாதி நாளோ மூடியது 2004-இல் சார்லி, பிரான்சிஸ், ஜீன் என்று அடுத்தடுத்து மூன்று. 2016-இல் மாத்யூ, 2017-இல் இர்மா, 2022-இல் இயன், 2024-இல் மில்டன். மூடுவது பெரும்பாலும் ஓரிரு நாள்தான். மில்டனுக்கு அக்டோபர் 9 மதியத்திலிருந்து ஒவ்வொன்றாக மூடி, 10-ஆம் தேதி முழுக்க மூடி, 11-ஆம் தேதி திறந்துவிட்டார்கள். பூங்காக்கள் மூடினாலும் ரிசார்ட்டுகள் விருந்தினர்களோடு இயங்கும். 1992-இல் ஆண்ட்ரூ புயல் தென் ஃபிளாரிடாவைத் துவம்சம் செய்த பிறகு கட்டட விதிகளை மாநிலம் முழுக்க இறுக்கினார்கள். 2002 முதல் அது ஒரே விதியாக அமலில் இருக்கிறது. டிஸ்னி நிலத்தில் வெள்ளத்தை வடிக்கத் தனியாகக் கால்வாய்களும் மதகுகளும் ஆரம்பத்திலிருந்தே உண்டு. ஆகவே, கான்கிரீட்டில் கட்டிய பல மாடி ரிசார்ட் இந்த வட்டாரத்துப் புயலைத் தாங்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் ரிசார்ட் என்றால் எல்லாம் ஒன்று இல்லை. உங்கள் பதிவு எந்த வகை என்று நீங்கள் எழுதவில்லை, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். டிஸ்னியின் ஃபோர்ட் வில்டர்னஸ் முகாமிடத்தில் கூடாரம், கேரவன், மரங்களுக்கு நடுவே உள்ள கேபின், சரடோகா ஸ்பிரிங்ஸ் ரிசார்ட்டில் மர வீடு மாதிரி உயர்த்திக் கட்டிய வில்லா இவற்றில் இருந்தால் உங்களை முன்கூட்டியே காலி செய்யச் சொல்வார்கள். மில்டனுக்கு அப்படித்தான் மூடினார்கள். பக்கத்து ஊரான கிஸ்ஸிமி பக்கம் தனியார் வாடகை வில்லா எடுத்திருந்தால் எனக்கு இன்னும் கவலை அதிகம். வீடு உறுதியாக இருக்கலாம். ஆனால் நள்ளிரவில் மின்சாரம் போனால் போன் எடுக்க ஆள் கிடையாது, ஜெனரேட்டர் கிடையாது, சாப்பாடு கிடையாது. அடுத்து, அறைக் கதவு எங்கே திறக்கிறது என்று பாருங்கள். விலை குறைந்த ரிசார்ட்டுகள் பலவற்றில் கதவைத் திறந்தால் வெளி வராந்தா. காற்று வீசும்போது அந்த வராந்தாவில் கால் வைக்க முடியாது. சாப்பாட்டுக்கோ உதவிக்கோ பெரியவர்கள் வெளியே வரவே முடியாது. உள் நடைபாதையில் கதவு திறக்கும் கட்டடமாக இருந்தால் பாதிச் சிரமம் குறைந்துவிடும்.

இனி உறுதியில்லாத விஷயங்கள். புயல் போகும் பாதையை ஒரு கூம்பாக வரைந்து காட்டுகிறார்களே, அதைப் பலரும் தப்பாகப் படிக்கிறார்கள். கூம்பின் அகலம் புயலின் அகலம் அல்ல. புயலின் மையம் எந்த எல்லைக்குள் நகரக்கூடும் என்பதை, கடந்த சில வருடங்களின் கணிப்புப் பிழைகளை வைத்துப் போட்ட வரைபடம் அது. மூன்றில் ஒரு பங்கு நேரம் மையம் அந்தக் கூம்பையும் தாண்டிப் போகும் என்ற கணக்கில்தான் அதை வரைகிறார்கள். 2004 ஆகஸ்டில் சார்லி டாம்பாவுக்கு வரும் என்று எதிர்பார்த்து அங்கிருந்தவர்களை வெளியேறச் சொன்னார்கள். அது வலப்பக்கம் திரும்பி, நூறு கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே புன்டா கோர்டா அருகே கரையைக் கடந்து, அன்று இரவே ஆர்லாண்டோவின் மேல் வந்தது. டாம்பாவிலிருந்து ஆர்லாண்டோவுக்குத் தப்பி வந்தவர்கள் அங்கேயே அதன் கையில் சிக்கினார்கள். இத்தனைக்கும் புன்டா கோர்டா கூம்புக்குள்தான் இருந்தது. நடுவே போட்டிருந்த கோட்டை மட்டும் பார்த்தவர்கள்தான் ஏமாந்தார்கள்.

இன்னொன்று, புயலுக்குத் தரும் 'கேட்டகரி' எண். அது காற்றின் வேகத்தை மட்டும் அளக்கிறது. மழையைப் பற்றியோ வெள்ளத்தைப் பற்றியோ அது ஒன்றும் சொல்லாது. இயன் ஆர்லாண்டோவுக்கு வந்தபோது காற்று வலுவிழந்திருந்தது, ஆனால் மழை கொட்டித் தீர்த்தது. ஆர்லோ விஸ்டா பகுதியில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்து, மக்களைப் படகில் ஏற்றி மீட்டார்கள். மில்டனின் மையம் சியெஸ்டா கீ என்ற இடத்தில், அதாவது மேற்குக் கரையில் ஏறியது. அது கரை ஏறுவதற்குச் சில மணி நேரம் முன்பே எதிர்ப்பக்கக் கிழக்குக் கரையில், செயின்ட் லூசி கவுண்டியில், டொர்னேடோ எனும் சுழல்காற்று அடித்து ஆறு பேர் இறந்தார்கள். அன்று ஃபிளாரிடாவில் நாற்பதுக்கும் மேற்பட்ட டொர்னேடோக்கள். அதனால் "மையம் நம் பக்கம் வரவில்லை" என்பதை வைத்து நிம்மதி அடையாதீர்கள். ரிசார்ட்டில் இருப்பவருக்கு நான் அதிகம் அஞ்சுவது டொர்னேடோவைத்தான். அது எங்கே இறங்கும் என்று முதல் நாளே யாராலும் சொல்ல முடியாது, எச்சரிக்கை சில நிமிடங்களுக்கு முன்புதான் வரும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் இன்னும் நியூ ஜெர்சியில் இருக்கிறீர்கள். தள்ளிப்போடுங்கள். ரிசார்ட் இடிந்து விழும் என்று இதைச் சொல்லவில்லை. போய்ச் சேர்ந்தால் பூங்கா மூடியிருக்கும், அறைக்குள் உட்கார்ந்திருப்பீர்கள், திரும்ப விமானம் எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. புயலுக்கு முந்தைய நாள் போய் இறங்குவது இருப்பதிலேயே மோசமான யோசனை. இயன், மில்டன் இரண்டுக்கும் ஆர்லாண்டோ விமான நிலையம் புயல் வரும் நாள் காலையிலேயே விமானங்களை நிறுத்திவிட்டது. விமான நிலையத்தில் தங்கிக்கொள்ளலாம் என்றும் நினைக்காதீர்கள், அது தங்குமிடம் அல்ல என்று அவர்களே ஒவ்வொரு முறையும் அறிவிக்கிறார்கள்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆர்லாண்டோ பகுதிக்கோ உங்கள் வீடு இருக்கும் ஊருக்கோ, நீங்கள் போய்ச் சேரும் தேதிக்கு முந்தைய 7 நாட்களுக்குள் புயல்களைக் கணிக்கும் அமெரிக்க அரசின் தேசிய ஹரிக்கேன் மையம் 'வார்னிங்' (புயல் வரப்போகிறது என்ற எச்சரிக்கை) விடுத்தால், டிஸ்னியிடம் நேரடியாகச் செய்த ரிசார்ட் பதிவுகளை டிஸ்னி தன் தரப்பில் அபராதம் இல்லாமல் மாற்றவோ ரத்து செய்யவோ அனுமதிக்கிறது. வேறு தளம் வழியாகப் பதிவு செய்திருந்தால் அந்தத் தளத்தின் விதிதான். இதில் ஒரு சிக்கல்: 'வார்னிங்' என்பது புயல்காற்று தொடங்குவதற்குச் சுமார் 36 மணி நேரம் முன்புதான் வரும், 'வாட்ச்' (வரக்கூடும் என்ற முன்னறிவிப்பு) 48 மணி நேரம் முன்பு. அதுவரை காத்திருந்தால் நீங்கள் விமானத்தில் ஏறியிருப்பீர்கள். இன்றே ரிசார்ட்டையும் விமான நிறுவனத்தையும் தனித்தனியாகக் கூப்பிட்டுத் தேதி மாற்றக் கேளுங்கள். பயணக் காப்பீடு இனிமேல் எடுத்துப் பயன் இல்லை. புயலுக்குப் பெயர் வைத்த பிறகு வாங்கும் காப்பீடு பொதுவாக அந்தப் புயலுக்குச் செல்லாது.

இதைப் படிக்கும் வேறு யாராவது ஏற்கனவே அங்கே இருந்தால், அவர்களுக்கு நான் சொல்வது நேர்மாறானது. புறப்படுவதென்றால் 'வாட்ச்' வரும்போதே புறப்பட்டுவிடுங்கள். புயலைச் சுற்றி வரும் மழைப் பட்டைகள் வந்து தொட ஆரம்பித்த பிறகு காரை எடுக்காதீர்கள். டாம்பாவும் கடலோரமும் காலியாகும்போது டாம்பாவிலிருந்து ஆர்லாண்டோவுக்கு வரும் ஐ-4 நெடுஞ்சாலை அடைத்துக்கொள்ளும், பெட்ரோல் தீர்ந்துபோகும். அதன் நடுவில் இரு பெரியவர்களோடு மாட்டிக்கொள்வதைவிடக் கான்கிரீட் அறை எவ்வளவோ மேல். காற்று மணிக்கு 65, 70 கிலோமீட்டரைத் தொட்டு நிலையாக வீசத் தொடங்கினால் ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டியும்கூட நிறுத்தப்படும். அப்போது சாலையில் இருப்பவரைத் தேடி யாரும் வர மாட்டார்கள். தேசிய மையத்தின் அறிக்கை காலை 5, 11, மாலை 5, இரவு 11 மணிக்கு வரும். அந்த நான்கைப் படித்தால் போதும். வாட்ஸப்பில் சுற்றும் வரைபடங்களைப் பார்த்து மனத்தைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

தங்குவது என்று முடிவானால் முன்மேசையில் போய் நிதானமாகக் கேளுங்கள்: ஜெனரேட்டர் எதற்கெல்லாம் ஓடும்? பொதுவாக அவசர விளக்கு, தீ எச்சரிக்கை, ஒரு லிஃப்ட் இவற்றுக்குத்தான் அது. அறை ஏ.சி.க்கும் குட்டி ஃபிரிட்ஜுக்கும் ஓடும் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். முழங்கால் வலி உள்ள பெரியவர் இருந்தால் இரண்டாம் அல்லது மூன்றாம் மாடி கேளுங்கள். தரைத்தளத்தில் தண்ணீர் பயம், மேலே போனால் லிஃப்ட் நிற்கும் பயம். அறை மாற்றித் தருவது முதல் நாள் சுலபம், அன்றைக்குக் கேட்டால் கிடைக்காது.

சாப்பாட்டில் நம்மவர்கள் கஷ்டப்படுவதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். புயல் அன்று ரிசார்ட் சமையலறை சுருங்கிவிடும், பெட்டியில் அடைத்த சாண்ட்விச் மாதிரிதான் கிடைக்கும். சைவம் கேட்டால் சிப்ஸும் ஆப்பிளும் மிஞ்சும். அதனால் அவல், சத்துமாவு, ரொட்டி, வாழைப்பழம், பருப்புப்பொடி, வேர்க்கடலை என்று அடுப்பு வேண்டாத சாமான்களாக மூன்று நாளைக்கு வாங்கி வையுங்கள். அறையில் இண்டக்ஷன் அடுப்பு, மெழுகுவர்த்தி, விளக்கு, சூடம் எதுவும் வேண்டாம். நவராத்திரி சமயமாக இருந்தால் அம்மாவிடம் இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். தீயணைப்பு வண்டி வர முடியாத இரவில் ஒரு சின்னத் தீப்பொறிகூட ஆபத்து. குடிக்கத் தண்ணீர் பாட்டில்களில் இருக்கட்டும். குளியல் தொட்டியைக் கழுவி நிரப்பி வைத்தால் கழிப்பறைக்கு ஊற்ற உதவும். இன்சுலின் விஷயத்தில் பொதுவான விதி, 15 முதல் 30 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால் ஃபிரிட்ஜ் இல்லாமலும் 28 நாள் வரை தாங்கும். ஆனால் அப்பாவுடைய மருந்தின் பெட்டியில் உள்ள குறிப்பைப் படித்து உறுதி செய்யுங்கள். ஐஸ் கட்டியின் மேல் நேரடியாக வைக்காதீர்கள், உறைந்தால் மருந்து கெட்டுவிடும்.

அன்றைய இரவு எப்படி இருக்கும் என்று தெரிந்தால் பயம் குறையும், அதனால் சொல்கிறேன். காற்று ஒரே சீராக வீசாது. அடங்கும், பிறகு ஏறும், ஜன்னல் ஓரத்தில் விசில் மாதிரி ஊதும். ஜன்னலுக்குக் கீழே சுவரில் பதித்த ஏ.சி. இருந்தால் அதன் அடிவழியாகத் தண்ணீர் கசிந்து கம்பளத்தில் கறுப்பாகப் பரவ ஆரம்பிக்கும். பால்கனிக் கண்ணாடிக் கதவின் தடத்தில் நீர் தேங்கி, ஒவ்வொரு காற்று வீச்சுக்கும் உள்ளே துப்பும். இதைப் பார்த்துக் கட்டடம் உடைகிறது என்று பதறுபவர்கள் உண்டு. கதவின் கீழ்த்தடத்தில் நீர் வெளியேறச் சிறு ஓட்டைகள் இருக்கும். எதிர்க்காற்று அந்த வழியாகவே மழையை உள்ளே தள்ளுகிறது, அவ்வளவுதான். துண்டுகளை இறுக்கிச் சுருட்டி ஓரமாக அணைகட்டுங்கள், பெட்டிகளைக் கட்டில் மேல் தூக்கி வையுங்கள். சார்ஜர் வயரைத் தரையிலிருந்து எடுத்துவிடுங்கள். பால்கனி நாற்காலிகளை மாலையிலேயே உள்ளே இழுத்து வைத்திருக்க வேண்டும். காற்று திடீரென்று ஓய்ந்தால் அது புயலின் கண்ணாக, அதாவது காற்று அடங்கிய நடுப்பகுதியாக இருக்கலாம். சற்று நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து அடிக்கும். அந்த இடைவெளியில் காரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று இறங்க வேண்டாம்.

டொர்னேடோ எச்சரிக்கை வந்தால் யோசிக்க நேரம் இராது. ஜன்னல் இல்லாத இடம் வேண்டும். பெரும்பாலான அறைகளில் அது குளியலறை. எல்லோரும் உள்ளே போய், கதவைச் சாத்தி, மெத்தை விரிப்பையும் தலையணையையும் தலைக்கு மேல் பிடித்துக்கொள்ளுங்கள். காலில் ஷூ இருக்கட்டும், கண்ணாடி உடைந்தால் வெறுங்காலில் நடக்க முடியாது. ஊழியர்கள் உள் நடைபாதைக்கோ கீழ்த்தளத்துக்கோ வரச் சொன்னால் கேள்வி கேட்காமல் போங்கள். அப்பா அம்மாவின் போனில் இந்திய சிம் இருந்தால் எச்சரிக்கை ஒலி வரும் என்று நம்பியிருக்காதீர்கள். ஒலி வந்தாலும் செய்தி ஆங்கிலத்தில் இருக்கும். பகலிலேயே ஒருமுறை அவர்களைக் குளியலறைக்குக் கூட்டிப்போய் "இந்தச் சத்தம் கேட்டால் இங்கே வந்து உட்காருங்கள்" என்று காட்டிவிடுங்கள். இரு அறை எடுத்திருந்தால் அன்று இரவு மட்டும் எல்லோரும் ஒரே அறையில் படுங்கள்.

விடிந்ததும் வெயில் அடிக்கும், எல்லோருக்கும் வெளியே போகத் தோன்றும். என் அனுபவத்தில் ஆட்கள் அடிபடுவது இந்த நேரத்தில்தான். ஓடும் தண்ணீர் ஓர் அடி இருந்தாலே சிறிய காரை நகர்த்திவிடும், இரண்டு அடி பெரிய வண்டியையும் இழுக்கும். ரிசார்ட்டைச் சுற்றியுள்ள குளங்கள் நிரம்பிப் புல்தரையோடு ஒன்றாகி நிற்கும், அதில் முதலை இருக்கலாம், அறுந்த மின்கம்பி கிடக்கலாம். குழந்தைகளை அதில் விளையாட விடாதீர்கள். மின்சாரம் வராத அறையில் வெப்பம் சீக்கிரம் ஏறும். பெரியவர்களை ஜெனரேட்டர் ஓடும் லாபிக்கு அழைத்துவந்து உட்கார வையுங்கள், தண்ணீர் குடித்தார்களா என்று பாருங்கள்.

நீங்கள் தள்ளிப்போட்டாலும் போனாலும் ஒரு வேலையை இன்றே முடித்துவிடுங்கள். சாப்பாட்டு நேரம் தவறினால் அப்பா இன்சுலின் அளவை எப்படிக் குறைப்பது, என்ன அறிகுறி வந்தால் உடனே இனிப்புக் கொடுப்பது என்பதை அவருடைய மதுரை டாக்டரிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் இரவு 11:30 என்றால் அங்கே காலை 9 மணி. டாக்டர் கிளினிக்குக்கு வந்ததும் பிடித்துவிடலாம்.